417 இன்னும் மேலே வரவில்லை

8 ஜனவரி 2024

அன்புள்ள ரவி அண்ணனுக்கு,

தேவிகா எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீயும் சுமா அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்ததா? போனில் அம்மாவுக்குக் காது கேட்பதில்லை. கடிதம் என்றால் உன்னைப் பத்துத் தடவை வாசிக்க வைக்கலாம். அதனால் போன தடவைகளைப் போலவே கடிதம்தான். அலுத்துக்கொள்ளாதே.

இது நான் ஆலோசனை சொல்ல வந்திருக்கும் மூன்றாவது அரசாங்கம். "அவுங்க ஊர்ல கணக்கு தெரிஞ்சவங்களே இல்லியா?" என்று அம்மா கேட்பாள். இருக்கிறார்கள் அம்மா. ஆனால் ஒரு நாடு வெளியே போய்க் கடன் கேட்கும்போது, கஜானாவை வெளியாள் ஒருத்தர் பார்த்துச் சொன்னால்தான் கொடுப்பவர்கள் நம்புகிறார்கள். அந்த வெளியாள் நான்.

அப்பாவின் 417ஆம் நம்பர் டோக்கன் ஹோட்டல் அறையில் மேசை விளக்கில் தொங்குகிறது. கிளம்பும் அன்று அம்மா அதை வாசல் ஆணியிலிருந்து கழற்றி என் கைப்பையில் போட்டாளே, டாக்சிக்காரர் அது என்ன காசு என்று கேட்டார். காசு இல்லை, சுரங்கத்துக்குள் இறங்குகிறவர் எடுத்துக்கொண்டு போய், மேலே வந்ததும் பலகையில் மாட்டுகிற பித்தளை டோக்கன், ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே என்று அர்த்தம், எங்கள் வீட்டில் வெளியூர் போகிறவர் கையில் இதைக் கொடுத்துதான் அனுப்புவார்கள் என்றேன். "சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சேம்மா" என்றார். எங்கள் அம்மாவுக்கு இன்னும் மூடவில்லை என்றேன்.

எட்டு மாத வேலை. ஆகஸ்டில் வந்து என் கையாலேயே மாட்டுவேன். பாஸ்போர்ட்டை விசா முத்திரைக்காக அமைச்சகத்தில் வாங்கிக்கொண்டார்கள். மற்றபடி சௌக்கியம்.

உன் தங்கை,
தேவிகா

27 ஜனவரி 2024
ஸ்கெலட்டன் லைன், தங்க வயல்

ராணியம்மா தேவிகாவுக்கு,

அண்ணன் ரவிகுமார் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் இருக்கிறோம், பெரிய குறை ஒன்றும் இல்லை. உன் உடம்பைப் பற்றி எழுது. 'சௌக்கியம்' என்று ஒரே வார்த்தையில் முடித்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உன் கடிதத்தை இதுவரை ஏழு தடவை வாசித்துவிட்டேன். தொண்டை வற்றிப்போயிற்று. எட்டாவது தடவை பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவுக்காக. அந்த அம்மாள் எல்லாம் கேட்டுவிட்டு, "அவ்ளோ பெரிய படிப்பு படிச்சிட்டு கடசீல கஜானாவுக்குக் காவலா?" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நானும் அதைத்தானே செய்கிறேன்! காலை ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூர் போய், அடுக்குமாடி வாசலில் உட்கார்ந்து, வருகிறவன் பெயர் போகிறவன் நேரம் எழுதுகிறேன். சுரங்கத்து டைம் ஆபீஸில் டோக்கன் பார்த்த காலத்திலிருந்து இதே பிழைப்பு. நீ ஏரோப்பிளேனில் போகிறாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

அது கிடக்கட்டும். பாஸ்போர்ட்டை ஏன் அவர்கள் வைத்திருக்கிறார்கள்? எங்கள் கட்டடத்திலேயே வந்தவனுடைய அட்டையைப் பார்த்துவிட்டு உடனே கையில் கொடுத்துவிடுகிறோம். முத்திரை குத்த எத்தனை நாள்? கேட்டு வாங்கு. கூச்சப்படாதே.

அம்மா தினமும் காலையில் அந்தக் காலி ஆணியை முந்தானையால் துடைக்கிறாள். "இவ எப்போடா மேல வருவா?" என்று கேட்கிறாள். வெளியூர் போனால் கீழே போனதாகத்தான் அவளுக்குக் கணக்கு. ராபர்ட்சன்பேட்டையில் உனக்கு எள்ளுருண்டை வாங்கி வைத்து, எறும்பு ஏறி, நான்தான் தின்றேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன் ரவி

20 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா, அண்ணி, நீ எல்லோரும் நலம் என்று அறிந்து சந்தோஷம். எனக்கு லேசான இருமல், வேறொன்றும் இல்லை. இங்கே மீன் மலிவு. வெயில் நம்மூர் ஏப்ரல் போல இருக்கிறது.

என் வேலை இப்போது தெளிவாகிவிட்டது. இந்த நாட்டின் கருவூலத்தில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அதை வைத்துத்தான் இவர்களுக்குப் பெரிய கடன் கிடைக்கும். தங்க வயலில் பிறந்தவளுக்குப் பொருத்தமான வேலை என்று அமைச்சகச் செயலாளர் சிரித்தார். நான் எங்கே பிறந்தேன் என்று அவரிடம் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் ஒரு வயதான ஐரோப்பியர். திடீரென்று ஊருக்குப் போய்விட்டாராம். அவருடைய மேசைதான் எனக்கு. இழுப்பறையில் அவர் மூக்குக்கண்ணாடி இருக்கிறது அண்ணா. கனமான கண்ணாடி, அது இல்லாமல் அவரால் படியே இறங்கியிருக்க முடியாது. ஊருக்குப் போகிற யாராவது அதை விட்டுவிட்டுப் போவார்களா?

ஒன்று கேட்க வேண்டும். டைம் ஆபீஸில் எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள் என்று எப்படி முடிவு செய்வீர்கள்? டோக்கனை எண்ணினால் போதுமா, ஆளையும் பார்க்க வேண்டுமா?

அம்மாவை மருந்தை நிறுத்த விடாதே.

தேவிகா

12 மார்ச் 2024

அன்புள்ள தேவிகாவுக்கு,

இங்கு நலம். அங்கு உன் இருமல் நின்றதா?

பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேட்டேன். நீ பதில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் போனில் கேட்டபோதும் "அண்ணிய கேட்டதா சொல்லு" என்று வைத்துவிட்டாய். உன் பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. சின்ன வயதிலிருந்தே உனக்குப் பொய் சொல்ல வராது. வராததை ஏன் முயற்சி செய்கிறாய்?

உன் கவர் இரண்டு தடவை ஒட்டப்பட்டிருக்கிறது. பழைய பசைக்கு மேல் புதுப் பசை. வாட்ச்மேன் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது.

டோக்கன் கதை இப்போது எதற்கு? மூடிய சுரங்கம். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

கண்ணாடி விஷயத்தை அம்மாவுக்கு வாசிக்கவில்லை. அந்த இடத்தில் மீன் விலையை இரண்டு தடவை வாசித்தேன். வேலையை விட்டுவிட்டு வந்துவிடு.

ரவி

6 ஏப்ரல் 2024

அண்ணா,

இதை அம்மாவுக்கு வாசிக்காதே. கவரில் வேலூர் தபால் முத்திரையைப் பார்த்துக் குழம்பியிருப்பாய். லதா என்று வேலூர்க்காரப் பெண், இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருமலுக்கு மருந்து வாங்கப் போனபோது தமிழ் கேட்டுப் பழக்கமானாள். ஒரு மாத விடுப்பில் ஊருக்கு வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிட்டேன். உன் பதிலையும் அவளிடமே கொடு. விலாசம் பின்பக்கம். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. பயம்தான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, ரொம்பப் பயமாக இருக்கிறது.

கருவூலத்தில் மூன்று அறைகள். முதல் அறையைக் காலையில் காட்டினார்கள். பெட்டி பெட்டியாகத் தங்கக் கட்டிகள். பிறகு விருந்து வைத்தார்கள், மூன்று மணி நேரம் எழுந்திருக்கவே விடவில்லை. அப்புறம் இரண்டாவது அறை. அங்கேயும் பெட்டிகள். அதில் ஒன்றின் மூலையில் சிவப்புப் பெயின்ட் உரசிய தடம், பக்கத்தில் ஆணி பெயர்ந்த ஓட்டை. அதே பெட்டியைத்தான் காலையில் நான் கையால் தடவிப் பார்த்திருந்தேன். மறுநாள் மூன்றாவது அறையிலும் அது இருந்தது. தூக்கி வந்த ஆட்களின் சட்டை ஈரம்கூடக் காயவில்லை.

ஒரே தங்கத்தை மூன்று தடவை காட்டுகிறார்கள். மூன்றும் வேறு வேறு என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கடன் வரும். மந்திரிகள் தின்பார்கள். வட்டியை இந்த ஊர் மீன்காரர்கள் கட்டுவார்கள்.

முன்னால் இருந்தவர் ஊருக்குப் போகவில்லை. படகு கவிழ்ந்து கடலில் போய்விட்டார் என்று லதா சொல்கிறாள். அவர் மனைவி வந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடினாராம். அந்த ஐரோப்பியரும் கையெழுத்துப் போடவில்லை.

பாஸ்போர்ட் கேட்டேன். அறிக்கை முடிந்த அன்று தருகிறோம் என்கிறார்கள். நான் பார்த்ததை இரண்டு பக்கம் எழுதி, தேதி போட்டு, இதோடு வைத்திருக்கிறேன். பத்திரமாக வை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீ சொல்.

தேவிகா

21 ஏப்ரல் 2024

தேவிகா,

இதை லதாவின் கையில் கொடுக்க வேலூருக்கே போகிறேன். நல்ல பெண்ணாக இருக்க வேண்டும், வேறு வழியும் இல்லை.

கையெழுத்துப் போட்டுவிடு.

உன் கடிதத்தைப் படித்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. ரயிலில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போகிறேன். அவர்கள் தங்கம் ஒன்றாக இருந்தால் நமக்கென்ன, மூன்றாக இருந்தால் நமக்கென்ன? எந்த மந்திரி தின்றால் உனக்கென்னடி? போட்டுக் கொடு. பாஸ்போர்ட்டை வாங்கு. முதல் பிளேனில் ஏறு. இங்கே வந்து சேர்ந்த பிறகு, மிரட்டி வாங்கினார்கள் என்று உலகத்துக்கே சொல். அப்பா போனபோது உனக்குப் பதினாலு வயது. உன்னை நான் வளர்த்தது கடலில் போடுவதற்கு இல்லை.

கையெழுத்துப் போட்டால் ஒன்றும் ஆகாது. ஒரு நிமிஷ வேலை. அப்புறம் தினமும் விடியும், தினமும் சோறு தின்போம், யாரும் வந்து கேட்க மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

இதற்கு மேல் எழுத வரவில்லை. அம்மா நலம்.

ரவி

9 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் அன்பைச் சொல். இங்கே மழை தொடங்கிவிட்டது. ஹோட்டலில் எனக்காகச் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் மிகவும் அன்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள். இப்போது கடைக்குக்கூடத் தனியாக விடுவதில்லை, கூடவே இரண்டு பேர் வருகிறார்கள்.

லதா திரும்பி வந்துவிட்டாள். நீ அம்மாவுக்கு வாங்கிய முழங்கால் தைலத்தைப் பற்றிச் சொன்னாள்.

டோக்கன் என் மேசையில்தான் இருக்கிறது. அம்மாவிடம் சொல், அதை நானேதான் வந்து மாட்டுவேன். வேறு யார் கையிலும் கொடுத்தனுப்ப மாட்டேன்.

அறிக்கை இன்னும் முடியவில்லை.

தேவிகா

24 மே 2024

தேவிகா,

இதைக் கூரியரிலேயே அனுப்புகிறேன். பிரிக்கிறவன் பிரித்துக்கொள்ளட்டும், தமிழ் தெரிந்தவனைத் தேடிப் பிடித்து வாசிக்கட்டும். உன் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன்.

டோக்கனை எண்ணினால் போதுமா என்று பிப்ரவரியில் கேட்டாய். நான் வாயை மூடிக்கொண்டேன். இருபத்தெட்டு வருஷமாக மூடிக்கொண்டிருக்கிறேன்.

லாய்ட் உனக்கு ஞாபகம் இருக்கும். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவருவான். தொண்ணூற்றாறில் ஒரு சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்து எல்லா டோக்கனும் பலகைக்கு வந்தது, ஒன்றைத் தவிர. 208. லாய்டுடையது. ஆணி காலியாக இருந்தால் சைரன் ஊத வேண்டும். அடுத்த ஷிப்ட் இறங்கக் கூடாது, தேடுகிற ஆட்கள்தான் இறங்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் பாதிப் பேர் டோக்கனைப் பையிலேயே போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வீண் சைரன் ஊதினால் டைம் ஆபீஸ்காரனுக்கு ஏச்சு. அதனால் நாங்கள் ஒரு வேலை செய்வோம். நம்பர் இல்லாத டோக்கன் ஒன்று இழுப்பறையில் இருக்கும். அதை மாட்டிவிட்டு, 'எல்லோரும் மேலே' என்று கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

போர்மன் வந்தான். "இன்னா ரவி, லாய்டா? அவன் அப்பவே சாராயக் கடைக்குப் போயிருப்பான். மாட்டு, மாட்டு" என்றான். மாட்டினேன். கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிஷ வேலை.

லாய்ட் கீழே ஒரு லெவலில், பக்கச் சுரங்கத்தில், பாறை சரிந்து, கால் மாட்டிக்கொண்டு கிடந்தான். அடுத்த நாள் மத்தியானம்தான் கண்டுபிடித்தார்கள். விடியும் வரை உயிர் இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பக்கத்துக் குழாயில் கல்லால் தட்டித் தட்டி அவன் விரல் நகமெல்லாம் பெயர்ந்திருந்தது. போர்மன் நான் மாட்டிய வெற்று டோக்கனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, லாய்ட் தன் டோக்கனை மாட்டிவிட்டு, அப்புறம் யாரிடமும் சொல்லாமல் அதை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கியிருக்கிறான் என்று எழுதிக் கொடுத்தான். நானும் ஆமாம் என்றேன்.

அவன் பெண்டாட்டி ஞானசுந்தரியை ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் இன்றைக்கும் பார்க்கிறேன். "நல்லாகீறீங்களா அண்ணே" என்று கேட்கிறாள். நான் தலையாட்டிவிட்டு வேறு சந்தில் திரும்பிவிடுகிறேன்.

யாரும் வந்து கேட்க மாட்டார்கள் என்று உனக்கு எழுதினேனே, அது நிஜம். யாரும் கேட்கவில்லை. போன கடிதத்தில் எழுதியதெல்லாம் என் பயம். இப்போதும் பயம்தான். நீ உயிரோடு வர வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம். ஆனாலும் போடு என்று இனி நான் சொல்ல மாட்டேன். உனக்கு எது சரியோ அதைச் செய்.

உன் அண்ணன்

3 ஜூன் 2024

அண்ணா,

லதா மூலம் அனுப்புகிறேன். நேரம் இல்லை. நீ எழுதியது கிடைத்தது. மூன்று தடவை படித்தேன், அழுதேன்.

நான் போடவில்லை. நாளை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். துறைமுகத்தில் ஒரு மந்திரியின் வீட்டில் கூட்டமாம். எதற்கு வீட்டில் என்று கேட்டேன், கார் வரும் நேரத்தை மட்டும் சொன்னார்கள்.

அந்த இரண்டு பக்கத்தைப் பத்திரமாக வை. அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல். மருந்தை மறக்க விடாதே.

தேவிகா

5 ஜூலை 2024
ஸ்கெலட்டன்

என் தங்கை தேவிகாவுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமா தெரியவில்லை. ஹோட்டல் விலாசத்துக்கும், அமைச்சகத்துக்கும், லதாவுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புகிறேன். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிட்டாயா, இருமல் நின்றதா, ஒன்றும் தெரியாமல் ஒரு மாதம் ஆயிற்று. ஹோட்டலுக்குப் போன் செய்தால் அப்படி ஒருவர் இங்கே தங்கவில்லை என்கிறார்கள்.

திங்கட்கிழமை ஒரு பார்சல் வந்தது. அமைச்சகத்து முத்திரை. உள்ளே ஆங்கிலத்தில் நாலு வரி: ஆலோசகர் தேவிகா தம் பணியை நிறைவாக முடித்து, ஜூன் பதினான்காம் தேதி நல்ல உடல்நலத்துடன் தாயகம் புறப்பட்டுவிட்டார், அவர் மறந்து வைத்துவிட்டுச் சென்ற பொருளை இத்துடன் அனுப்புகிறோம். கீழே ஒரு கையெழுத்து. கூடவே ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் 417.

நான் ரயிலிலிருந்து இறங்கி வருவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. பொட்டலத்தை வாங்கியது அம்மா. டோக்கனைப் பார்த்ததும் ஸ்டூல் போட்டு ஏறி ஆணியில் மாட்டிவிட்டாள். முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ! சுமாவைக் கேசரி கிண்டச் சொல்லி, லைன் முழுக்கக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தாகிவிட்டது. "எம் பொண்ணு மேல வந்துட்டா, டோக்கன் முன்னாடி வந்துகீது, ஆளு பின்னாடி வந்துகினு கீறா" என்று பார்வதம்மாவிடம் சொல்லிச் சிரிக்கிறாள். என் வாயிலும் ஒரு கரண்டி ஊட்டினாள். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றேன்.

வேறு யார் கையிலும் கொடுத்தனுப்ப மாட்டேன் என்று நீ எழுதியிருந்தாய். அந்த நாலு வரியையும், கீழே இருந்த கையெழுத்தையும் பார்த்தேன். எனக்கு அந்தக் கையெழுத்தைத் தெரியும் தேவிகா. அது நான் போட்டது. ஆள் வராமல் டோக்கனை மட்டும் மாட்டிவிட்டு, எல்லோரும் மேலே என்று எழுதிய அதே கை.

ஸ்டூலில் ஏறி டோக்கனைக் கழற்றினேன். அம்மா கத்தினாள். "இன்னாடா பண்றே, பாவி!" என்று முதுகில் அடித்தாள். அவளை உட்காரவைத்து, காதுக்குப் பக்கத்தில் போய், எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிகள், கண்ணாடி, படகு, நான் உன்னைப் போடச் சொன்னது. லாய்டைப் பற்றியும் சொன்னேன். சுமா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அம்மா என் கையிலிருந்த டோக்கனை வாங்கித் தடவிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "அப்போ எம் பொண்ணு இன்னும் கீழதான் கீறாளா?"

ஆமாம் என்றேன்.

"அப்போ இன்னாத்துக்கு உக்காந்துகினுகீறே? சைரன ஊதுடா!"

ஊதிவிட்டேன் தேவிகா. மறுநாளே உன் இரண்டு பக்கத்தையும் பெங்களூரில் மூன்று பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளியுறவு அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்து, முத்திரை குத்திய நகல் வாங்காமல் நகரவில்லை. அந்தக் கடன் கொடுக்கிறவர்களுக்கும், உனக்கு முன்னால் இருந்தவரின் மனைவிக்கும் எங்கள் கட்டடத்து அனில் சார் இங்கிலீஷில் எழுதி அனுப்பினார். இன்று காலை ஒரு பத்திரிகையில் உன் படத்தோடு வந்துவிட்டது. இனிமேல் உன்னை யாரும் சத்தமில்லாமல் கணக்கில் தீர்க்க முடியாது. நான் செய்தது சரியா, இதனால் உனக்கு இன்னும் ஆபத்தா, எனக்குத் தெரியவில்லை. வாட்ச்மேன் வேலைக்கு மூன்று நாளாகப் போகவில்லை.

நேற்று ஞானசுந்தரி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று சொன்னேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தட்டும்.

அம்மா இன்று காலையும் ஆணியைத் துடைத்தாள். டோக்கன் என் சட்டைப் பையில் இருக்கிறது, படுக்கும்போதும் எடுப்பதில்லை. ஆணி காலியாகத்தான் இருக்கும். நீ வந்து உன் கையால் மாட்டுகிற வரைக்கும் நான் எங்கேயும் கையெழுத்துப் போட மாட்டேன்.

மேலே வா.

உன் அண்ணன்,
ரவிகுமார்